கதவில் ஒட்டிய பதினொரு பெயர்கள்

கோச்,

நம் பழைய மருந்துப் பெட்டியைப் போன வாரம் திறந்தேன். ஆட்டக்காரர்களின் காலுக்குத் தேய்க்கும் எண்ணெயும் பிளாஸ்திரியும் வைத்திருந்த அதே தகரப் பெட்டிதான். எண்ணெய்ப் புட்டி எப்போதோ சாய்ந்து, ஒழுகி, வற்றிப்போயிருந்தது. ஆனால் மூடியைத் தூக்கியதும் அந்த வாசம் மூக்கில் ஏறிய வேகத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எண்ணெய்க் காரம் என்று மனைவியிடம் சொன்னேன். அவளும் நம்புவதுபோல் தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பெட்டியின் அடியில் அந்தக் காகிதம் இருந்தது. நான்காக மடித்தது, எண்ணெய் பட்டு ஓரம் பழுப்பேறியது. நீல மையில் உங்கள் கையெழுத்து. பதினொரு பெயர்கள். முதல் பெயர் லூர்து. பதினாறு வருடமாக அதை ஒளித்து வைத்திருந்தேன். எனக்கு ஞாபகச் சின்னம் சேர்க்கும் பழக்கம் கிடையாது, பயம்தான் காரணம். அதை இப்போது உங்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது, இனி என்னை என்ன செய்துவிடப் போகிறீர்கள்.

பெட்டியைத் திறக்க வைத்தது கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பிரகாஷ் அனுப்பிய ஒரு பக்கம். உங்கள் நினைவாகப் பழைய ஆட்டக்காரர்களை வைத்து ஓர் ஆட்டம், அதோடு ஒரு சின்ன மலர். மலரில் உங்கள் வாழ்க்கை வரலாறு ஒரு பக்கம். “அங்கிள், நீங்கதான் அவரோட மேனேஜரா இருந்தீங்க, தப்பு இருந்தா திருத்திக் குடுங்க லா” என்று போனில் அனுப்பியிருந்தான். படித்தேன். ஜெர்மனியில் நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தது சரி. இரண்டாம் பிரிவு அணியில் தற்காப்பு ஆட்டக்காரர், முட்டி போய் இருபத்தொன்பது வயதில் ஓய்வு, அதுவும் சரி. நான்கு நாடுகளின் தேசிய அணிக்குப் பயிற்சியாளர், சரி. அதன் பிறகு இப்படி ஒரு வரி: பினாங்கில் இருந்தபோது, ஆட்டத்தை விற்றதாகச் சந்தேகம் எழுந்த முதல் கோல்கீப்பரைக் கடைசி நேரத்தில் நீக்கிய துணிச்சல்காரர்.

துணிச்சல்காரராம். உங்களைப் புகழ்கிறார்களாம். லூர்துவின் முதுகில் ஏறி நின்று உங்கள் கழுத்தில் மாலை போடுகிறார்கள்.

கோபத்தில் அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். அப்புறம்தான் உறைத்தது, ஒரு வகையில் அந்த வரியை எழுதிக் கொடுத்தவனே நான்தான். பிரகாஷ் அதைத் தட்டச்சு செய்தான், அவ்வளவுதான்.

நீங்கள் முதன்முதலில் வந்து இறங்கிய நாளை நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு பெட்டிகள். சாக்ஸ் போட்டு அதன் மேல் செருப்பு. வெயிலில் வெந்த கழுத்து. பாலைவன நாடு ஒன்றும் கடல் நடுவில் தீவு நாடு ஒன்றும் உங்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு எங்களிடம் வந்திருந்தீர்கள். தீவு நாட்டில் விமானம் இறங்காத நேரம் பார்த்து ஓடுபாதைப் புல்லில் பயிற்சி நடக்குமாம். ஒரு பெட்டியைப் பிரித்து அடுக்கினீர்கள். இன்னொன்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினீர்கள். அதைப் பிரிக்க உதவட்டுமா என்று கேட்டதற்கு, “அதை எப்போதும் பிரிப்பதில்லை, மேனேஜர். பயிற்சியாளன் பாதிப் பெட்டியில்தான் வாழணும்” என்றீர்கள். உங்கள் உடைந்த ஆங்கிலமும் அரைகுறை மலாயும் கலந்த பேச்சை நான் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். உங்கள் இலக்கணத்தை அப்படியே போட்டால் உங்களுக்கே அவமானம்.

முதல் வெளியூர் ஆட்டத்துக்குப் புறப்பட்ட காலையை மறக்க முடியாது. நம் பஸ் டிரைவர் வழக்கம்போல நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுக் கற்பூரம் எடுக்கப் போனார். நீங்கள் பஸ்ஸைச் சுற்றி வந்து, யாரோ பையிலிருந்து சிந்திவிட்டார்கள் என்று நான்கையும் பொறுக்கி, துடைத்து, அவர் கையிலேயே கொடுத்தீர்கள். அவர் முகம் போன போக்கைப் பார்க்கணும். வண்டியை எடுக்கமாட்டேன் என்று இறங்கிப் போய்விட்டார். நான் இரண்டு பக்கமும் சமாதானம் பேசி, புதுப் பழம் வாங்கி வந்து வைத்து, ஒருவழியாகப் புறப்பட்டோம். அடுத்த ஆட்டத்துக்கு நீங்களே சந்தையில் பழம் வாங்கி வந்தீர்கள். எட்டு. முன்சக்கரத்துக்கு இரண்டிரண்டு வேண்டும், அங்கேதான் பாரம் அதிகம் என்றீர்கள்.

உங்களிடம் இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. ஒன்று அந்தப் பட்டியல். ஆட்டத்தன்று காலை பதினொரு பெயரைப் பேனாவால் எழுதி என்னிடம் தருவீர்கள், நான் வெள்ளைப் பிளாஸ்திரி வெட்டி உடை மாற்றும் அறைக் கதவில் ஒட்டுவேன். ஒட்டியது ஒட்டியதுதான். மந்திரி கூப்பிட்டாலும் மாறாது. பென்சிலால் எழுதினால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். “பென்சில் இருந்தால் எல்லோரும் ரப்பரோடு வருவார்கள்” என்றீர்கள்.

இன்னொன்று முன் கேட். தோற்ற நாளில் சங்கத்துப் பெரியவர்கள் பின் கேட்டில் வண்டியை வரவழைத்து நழுவிவிடுவார்கள். நீங்கள் மட்டும் ரசிகர்கள் கூடி நிற்கும் முன் கேட் வழியாகவே நடந்து போவீர்கள். ஏன் என்று கேட்டபோதுதான் உங்கள் இளவயதுக் கதையைச் சொன்னீர்கள். சொந்த ஊரில், சொந்த வலைக்குள்ளேயே பந்தை அடித்து அணியைத் தோற்கடித்தீர்களாம். மறுநாள் காலை ரொட்டிக் கடைக்கு வழக்கம்போல நடந்தே போனீர்களாம். வரிசையில் நின்ற சுரங்கத் தொழிலாளிகள் வாய் வலிக்கத் திட்டினார்களாம். திட்டி முடித்துவிட்டு உங்களுக்கு வரிசையில் இடம் விட்டார்களாம். “பின்வாசலால் போயிருந்தால் இன்றுவரைக்கும் அந்த ரொட்டிக் கடைக்குள் நுழைந்திருக்க மாட்டேன்” என்றீர்கள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். வராமல் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வென்றால் மேல் பிரிவுக்குப் போகலாம் என்ற ஆட்டம். காலையில் பட்டியலை ஒட்டிவிட்டேன். ஆட்ட ஆணையரிடம் கொடுக்கவேண்டிய படிவத்தை, போராங் என்போமே, அது மலாயில் இருப்பதால், எப்போதும் நான்தான் நிரப்புவேன். கதவில் என்ன இருந்தாலும் சட்டப்படி அந்தப் படிவத்தில் இருப்பதுதான் அணி. நிரப்ப உட்கார்ந்தபோது சங்கத்தின் துணைத் தலைவர் போனில் வந்தார்.

“மணியம், கீப்பர் பேர மட்டும் மாத்திப் போடு. எங்க அக்கா மகன் தினேஷ் இன்னைக்கு எறங்கணும். பெரிய டீம்லேருந்து ஆள் பாக்க வராங்க.”

“கோச் லூர்துவப் போட்டிருக்காரு சார். கதவுலயே ஒட்டியாச்சு.”

“கதவயா ஆணையர் படிக்கப் போறாரு? போராங் உன் கையிலதானே இருக்கு.”

“கோச் பாத்தாருன்னா?”

“அவர் பாக்க மாட்டாரு. உன்னத்தான் நம்பறாரே. அடுத்த மாசம் உன் காண்ட்ராக்ட் என் மேசைக்குத்தான் வருது, ஞாபகம் வச்சுக்க லா.”

உன்னைத்தான் நம்புகிறாரே என்று சொல்லியே என்னை அந்தத் துரோகத்தைச் செய்ய வைத்தார். நானும் செய்தேன். தினேஷ் என்று முதல் வரியில் எழுதினேன், லூர்துவை மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில் தள்ளினேன். எழுத்து அழகாகத்தான் வந்தது.

தினேஷ் மோசமான பையன் இல்லை. எப்படியோ விஷயம் தெரிந்து என்னிடம் ஓடி வந்தான். “அங்கிள், நான் வேணாம். லூர்து அண்ணன் ஆடட்டும். மாமாகிட்ட நீங்க சொல்லுங்க” என்றான். படிவம் போய்விட்டது என்று அவனைத் துரத்திவிட்டேன்.

மைதானத்துக்குள் போகும் நடையில் அணி வரிசையாக நின்றபோது ஆணையர் படிவத்தை வைத்துச் சட்டை எண்களைச் சரிபார்த்தார். முதல் ஆளிலேயே இடித்தது. கையுறை மாட்டிக்கொண்டு லூர்து நின்றான், தாளில் தினேஷ் இருந்தான். நீங்கள் படிவத்தை வாங்கிப் பார்த்தீர்கள். அப்புறம் என்னைப் பார்த்தீர்கள். நீங்கள் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“கோச், தினேஷுக்குப் பயிற்சியில் கால் பிசகிவிட்டதென்று சொல்லிவிடலாம். காயம் என்றால் மாற்ற விதியில் இடமிருக்கிறது” என்று காதோரம் சொன்னேன்.

“அவன் கால் நன்றாக இருக்கிறது” என்றீர்கள். பிறகு லூர்துவிடம் போய், பதினொரு பேரும் கேட்கிற மாதிரி, “இன்று தினேஷ் ஆடுகிறான். என் முடிவு” என்றீர்கள்.

லூர்து கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினான். தாசேக் கெலுகோரிலிருந்து அவன் அப்பா அம்மா, கோயில் பாடகர் குழு மொத்தமும் வேன் பிடித்து வந்து மேலே உட்கார்ந்திருந்தது. நீங்கள் திரும்பிப் போய்க் கதவிலிருந்த பட்டியலை உரித்து, மடித்து, என் கையில் வைத்தீர்கள். இதை நீயே வைத்திரு என்று மட்டும் சொன்னீர்கள்.

மூன்று கோல். முதல் கோல் தினேஷின் காலிடுக்கில் போனது. ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள், லூர்து ஏன் இல்லை என்று. என் தேர்வு, என் தவறு என்றீர்கள். அதற்கு மேல் ஒரு சொல் பிடுங்க முடியவில்லை. முன் கேட் வழியாகத்தான் போனீர்கள். ஐஸ் போட்ட ரோஜாச் சிரப் தண்ணீர்ப் பாக்கெட்டுகள் பறந்து வந்தன. வெள்ளைச் சட்டை முழுக்க இளஞ்சிவப்பாகி, தலையிலிருந்து ஐஸ் கட்டி உதிர, நீங்கள் வேகத்தைக் கூட்டாமல் நடந்ததைப் பின் கேட்டிலிருந்து நான் பார்த்தேன். பந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின் கேட்டில்தான் நான் இருந்தேன்.

மூன்றாம் நாள் உங்களை நீக்கினார்கள். கட்டிலடிப் பெட்டி பிரிக்காமலே இருந்ததால் கிளம்ப அதிக நேரம் பிடிக்கவில்லை. என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

நீங்கள் போன பிறகு என்ன நடந்தது என்பது உங்களுக்கு நெடுநாள் தெரியாது. நல்லா ஆடிக்கொண்டிருந்த கீப்பரை ஒரு ஜெர்மன்காரர் கடைசி நிமிடத்தில் ஏன் உட்கார வைப்பார்? ஊர் தானே ஒரு காரணம் கண்டுபிடித்தது. கேலோங். காசுக்கு ஆட்டத்தை விற்பதற்கு இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சொல். லூர்து கேலோங், கோச்சுக்குத் தெரிந்துவிட்டது, மானம் போகக்கூடாதென்று சொல்லாமல் மறைத்தார். கோப்பிக் கடையில், கோயில் வாசலில், பிறை வட்டாரத் தொழிற்சாலைக் கேண்டீனில் இதே பேச்சு. அடுத்த வருடம் எந்த அணியும் அவனைக் கூப்பிடவில்லை. நான் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து, கேட்டவர்களிடமெல்லாம் எனக்குத் தெரியாது என்றேன்.

அந்த வருடங்களில் நீங்கள் மலை நாடு ஒன்றிலும் பிறகு ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டிலும் இருந்தீர்கள். யாரும் மதிக்காத அந்த ஆப்பிரிக்க அணியைக் கண்டத்தின் பெரிய போட்டிவரை இழுத்துப் போனீர்கள். இங்கே செய்தியில் உங்கள் முகத்தைக் காட்டியபோது கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். சிரப் எறிந்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். அங்கேயும் கடைசியில் உங்களை நீக்கினார்கள், அதுவும் தொலைபேசியில். அதன் பிறகு வேலை போதும் என்று பினாங்குக்கே திரும்பி வந்து, தஞ்சோங் தோக்கோங்கில் கடல் தெரியும் வீடு பிடித்தீர்கள். அன்றைக்குத்தான் இரண்டாவது பெட்டியைப் பிரித்தீர்கள். உள்ளே நான்கு நாட்டுச் சட்டைகள். அவற்றின் மேலே மடித்து வைத்த ஒரு வெள்ளைச் சட்டை, சிரப் கறையோடு. துவைக்கவேயில்லை. அதை என் முன்னாலேயே பிரித்தது தற்செயல்தான் என்று இன்றுவரை என்னை நானே நம்பவைத்துக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை காலைகளில் கோப்பிக் கடை நம்முடையதானது. உங்களுக்குப் பாலும் சர்க்கரையும் போடாத கோப்பி ஓ, எனக்கு நெருப்பில் வாட்டிய ரொட்டி பக்கார். ஒருநாள் பக்கத்து மேசைப் பெரியவர் உங்களை அடையாளம் கண்டு எழுந்து வந்தார். கை குலுக்கினார். “அந்தக் கேலோங் கீப்பரத் தூக்கினீங்க பாருங்க, அதுக்கு நெஞ்சுரம் வேணும்” என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். மென்று முழுங்கி மொழிபெயர்த்தேன். கோப்பியை ஆறவிட்டுக் கோப்பையை ஓரமாகத் தள்ளினீர்கள்.

“அந்தக் காகிதம் இருக்கிறதா?”

“இருக்கு, கோச்.”

“அது லூர்துவுடையது.”

“நீங்களே போய்ச் சொல்லிவிடலாமே” என்றேன். எவ்வளவு கேவலமான பதில் பாருங்கள்.

“நான் சொன்னால் உன்னைக் காட்டிக்கொடுப்பது. நீ சொன்னால் உண்மையைச் சொல்வது” என்றீர்கள்.

அழகான வாக்கியம். சண்டை போடத்தான் இந்த மடலே. கோச், நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்கள். யாரைப் பறிகொடுத்துக் காப்பாற்றினீர்கள்? என் முடிவு என்று நடையில் நின்று சொன்ன வார்த்தையில் எனக்கு நிழல் கிடைத்தது, லூர்து வெயிலில் நின்றான். நீங்கள் கண்ணியமானவர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கண்ணியத்தைச் சுமந்தது அவன் தோள். அது உங்களுக்குத் தெரிந்த பிறகும் ஆறு வருடம் சனிக்கிழமை சனிக்கிழமையாக, அந்தக் காகிதத்தை எடுத்து வந்திருக்கிறேனா என்று என் சட்டைப் பையைப் பார்ப்பீர்களே தவிர, ஒரு தடவை மேசையைத் தட்டி, போய்ச் சொல்லடா என்று சொல்லவில்லை. நான் மனிதனாகும்வரை காத்திருந்தீர்கள் என்று நினைக்கிறேன். நான் அவ்வளவு மெதுவான ஆள் என்று உங்களுக்குத் தெரியாதா?

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் பார்வை பைக்குத்தான் போனது. அன்றும் பை காலி.

சரி, பிரகாஷ் விஷயத்துக்கு வருகிறேன். அவனைக் கூப்பிட்டு அந்த வரியை எடுக்கச் சொன்னேன்.

“ஏன் அங்கிள்? கோச்சுக்குப் பெருமைதானே.”

“பொய் தம்பி அது.”

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே லா. பேர்கூட நாம போடலயே.”

“அன்னைக்கு போராங்குல பேர மாத்தினது நான்.”

“அங்கிள், இத்தன வருஷம் கழிச்சு எதுக்கு? மலர் பிரிண்டுக்குப் போயாச்சு. வந்தமா, ஆட்டத்தப் பாத்தமான்னு இருங்க லா” என்றான். அந்தக் குரலில் மரியாதை குறையவேயில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். பதினாறு வருடம் நானும் இதே மரியாதையான குரலில்தான் எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளோடு அக்கரைக்குப் போகும் பெரிப் படகில் ஏறினேன். மாக் மண்டினில் லாரிகளுக்கு வெல்டிங் செய்யும் பட்டறையில் லூர்து இருக்கிறான் என்று விசாரித்து வைத்திருந்தேன். முகமூடியைத் தூக்கி என்னைப் பார்த்தான். தலை நரைத்திருந்தது. தோள் மட்டும் இன்னும் கோல்கீப்பர் தோள்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். துணைத் தலைவரின் போன், படிவம், நடையில் நடந்தது, மலரில் வரப்போகும் வரி. காகிதத்தை நீட்டினேன். கிரீஸ் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தான், வாங்கவில்லை.

“மூணு வருஷத்துக்கு முன்ன கோச் இங்க வந்தாருண்ணே” என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“பெரி புடிச்சு, பஸ் ஏறி, அந்தக் கேட்டுல வந்து நின்னாரு. நீ காசு வாங்கலன்னு எனக்குத் தெரியும், ஊர் சொல்றது பொய்னாரு. அப்ப ஏன் என்ன உக்கார வச்சீங்கன்னு கேட்டேன். அதுக்கு மட்டும் பதில் சொல்லல. தப்பு என் வீட்டுலதான் நடந்துச்சுன்னாரு. வேர்த்துக் கொட்டுச்சு மனுஷனுக்கு. ஒரு கிளாஸ் தண்ணி குடுத்தேன். குடிச்சிட்டுப் போய்ட்டாரு.”

அப்போதும் என் பெயரைச் சொல்லவில்லை நீங்கள்.

“நான் அவர் மேல வீணா கோவப்பட்டிருக்கேண்ணே, பதினாறு வருஷம்” என்றான் லூர்து. குரல் உயரவில்லை. “உங்க மேல பட்டிருக்கணும்.”

“ஆமா.”

“என் மக ஸ்கூல் டீமுல கீப்பர். பதினாலு வயசு. அந்த புக்க அவ படிப்பா.”

“அதுக்குத்தான் இதக் கொண்டுவந்தேன். வச்சுக்க தம்பி.”

“எங்கிட்டக் குடுத்து என்ன பண்ண? நான் என்ன பண்ணேன் பண்ணலன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்களுக்குக் காட்டுங்க.” முகமூடியை இறக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தான். தீப்பொறி பறந்தது. நான் அங்கே நிற்பதற்கு இடமில்லை.

திரும்பி வரும் பெரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது முடிவு செய்துவிட்டேன். மேடையில் பேச விடமாட்டார்கள், மலரைத் திருத்த மாட்டார்கள். ஆனால் எனக்கு ஒரு வேலை நன்றாகத் தெரியும். கதவில் காகிதம் ஒட்டுவது.

நேற்று காலை, யாரும் வருவதற்கு முன்பே ஸ்டேடியத்துக்குப் போய்விட்டேன். அதே கதவு, பெயிண்ட் மட்டும் புதுசு. வெள்ளைப் பிளாஸ்திரி வெட்டி உங்கள் பட்டியலை நான்கு மூலையிலும் ஒட்டினேன். அதன் கீழே இன்னொரு தாள், என் கையெழுத்தில், பேனாவால். கோச் எழுதிய அணி இது, படிவத்தில் லூர்துவின் பெயரை நீக்கியது நான், அவனும் கோச்சும் ஒரு குற்றமும் செய்யவில்லை, இப்படிக்கு மணியம், அணியின் அன்றைய மேனேஜர். மலாயிலும் எழுதியிருந்தேன். யாரும் மொழி தெரியவில்லை என்று தப்பிக்கக்கூடாது.

பழைய ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, தொப்பையும் மூக்குக் கண்ணாடியுமாகக் கதவுக்கு முன்னால் நின்று படித்தார்கள். பிரகாஷ் ஓடி வந்தான்.

“அங்கிள், இன்னைக்கு வேணாம் லா இதெல்லாம். பெரியவங்க வராங்க.”

“கழட்டணும்னா நீயே கழட்டு. நான் ஒட்டறவன், கழட்டறவன் இல்ல.”

அவன் கையை நீட்டினான். அதற்குள் வழுக்கைத் தலையோடு ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். தினேஷ். “நான் அன்னைக்கே வேணாம்னுதான் சொன்னேன்” என்றான், என்னைப் பார்க்காமல், எல்லோரையும் பார்த்து. “மாமா உயிரோட இருந்தா அவர்கிட்டயும் சொல்வேன். இது இங்கதான் இருக்கும்.” அவன் பேருக்கும் அன்று விழுந்த மூன்று கோல்களுக்கும் பதினாறு வருடமாக அவனும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு லூர்து வந்தான். ஆடுவதற்கு வரவில்லை, வேலைக்குப் போகும் சட்டையில்தான் இருந்தான். பக்கத்தில் மகள், அவன் உயரத்துக்கு வந்துவிட்டாள். தினேஷ் நகர்ந்து வழிவிட்டான். மகள் சத்தமாகவே படித்தாள், இரண்டு தாளையும், கடைசிப் பெயர்வரை. படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கீழே பார்க்காமல் வாங்கிக்கொண்டேன், கோச்.

லூர்து நகத்தால் பிளாஸ்திரியைக் கிள்ளி, கிழியாமல், உங்கள் பட்டியலை உரித்தெடுத்தான். மடித்து மகளிடம் கொடுத்தான். என் தாளைத் தொடவில்லை.

“உங்களுது அங்கயே இருக்கட்டும்ணே” என்றான்.

இருந்தது. ஆட்டம் முடியும்வரை இருந்தது. மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மலரில் அந்த வரி அச்சாகித்தான் வந்திருந்தது. ஆனால் ஸ்டேடியத்தில் மலரைப் படித்தவர்களைவிடக் கதவைப் படித்தவர்கள் அதிகம்.

கிளம்பும்போது பிரகாஷ் பின்பக்கம் வண்டி தயாராக இருக்கிறது என்றான். முன்னால் கூட்டம் ஒரு மாதிரியாகப் பேசிக்கொள்கிறது, வேண்டாம் என்றான். அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். நான் முன் கேட் வழியாகப் போனேன். மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் நின்றவர்கள் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். ஒருத்தர் என் முகத்துக்கு நேராக வந்து, “பதினாறு வருஷம் சோறு எறங்குச்சா உனக்கு?” என்று கேட்டார். இறங்கியது என்றேன். பொய் சொல்லும் பழக்கத்தை விட்டுவிட்டேனே. யாரும் சிரப் எறியவில்லை, எறிந்திருந்தாலும் துடைத்திருக்க மாட்டேன். திட்டி முடித்ததும் வழி விட்டார்கள்.

நேற்றுப் போட்ட சட்டை நாற்காலி முதுகில் தொங்குகிறது. பை காலி. எண்ணெய் வாசம் மட்டும் அதில் ஏறி இருக்கிறது. துவைக்கப் போட எடுத்த மனைவியிடம் வேண்டாம் என்றேன். உங்கள் சிரப் சட்டையைப் போல இதுவும் இப்படியே கிடக்கட்டும்.

சனிக்கிழமை கோப்பிக் கடைக்குப் போவேன். அன்று உங்கள் கையைக் குலுக்கிய அந்தப் பெரியவர் பக்கத்து மேசையில் இருப்பார். அவரிடமும் நானே எழுந்து போய்ச் சொல்லவேண்டும்.

மேனேஜர்
மணியம்